அடித்தல் திருத்தல்

எங்கள் வீட்டில் மாட்டுப் பொங்கலன்று மாட்டை அடிப்பார்கள். ஊரே மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் பூசி, கழுத்தில் நெட்டிமாலை போட்டுக் கும்பிடுகிற நாளில், அப்பா பூவரசங்கம்பு ஒன்றை ஒடித்து இலையை உருவிப் போட்டுவிட்டுத் தொழுவத்துக்குப் போவார். ஒன்பது அடி. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அதற்குப் பிறகுதான் குளிப்பாட்டல், மாலை, பொங்கல் எல்லாம். நாங்கள் மாதா கோயில்காரர்கள். ஆனாலும் உழுகிற வீட்டில் மாட்டுப் பொங்கலை விட முடியுமா? பொங்கலையும் விடவில்லை, அடியையும் விடவில்லை.

இதற்கு ஒரு கதை உண்டு. அப்பாவின் தாத்தா பண்ணையாளாக இருந்தவர். பண்ணை மாடு அவரை முட்டிக் கொன்றுவிட்டது. உடம்பில் ஒன்பது இடத்தில் காயம் என்று பேச்சு. அப்போது அவர் மகனுக்கு, அதாவது அப்பாவின் அப்பாவுக்கு, ஏழு வயது. அந்த ஏழு வயதுப் பிள்ளை வளர்ந்து ஆளாகி, விளைச்சலில் பங்கு கொடுக்கிற வாரத்துக்கு நிலம் பிடித்து, முதன்முதலாகச் சொந்த மாடு வாங்கிக் கட்டிய வருடம், மாட்டுப் பொங்கலன்று அதை எண்ணி ஒன்பது அடி அடித்தார். பிறகு அதுவே எங்கள் வீட்டுச் சடங்காகிவிட்டது. அவருக்குப் பின் கம்பு அப்பா கைக்கு வந்தது.

அம்மா கல்யாணமாகி வந்த முதல் வருடம், "முட்டின மாடு செத்து மண்ணாப் போயிருக்கும், இது என்னங்க பண்ணுச்சு?" என்று கேட்டாளாம். பத்தாவது அடி அவளுக்கு விழுந்தது. அதை அம்மா சிரித்துக்கொண்டே சொல்வாள். எனக்கு ஒருநாளும் சிரிப்பு வந்ததில்லை.

அடியாத மாடு படியாது என்பார் அப்பா. அவருக்குத் தெரிந்த வேதம் அது ஒன்றுதான். அதை மாட்டோடு நிறுத்திக்கொள்ளவும் இல்லை. சோற்றில் கல் கிடந்தால் தட்டு பறக்கும். மடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் வாய்க்காலில் எவன் மண்டையாவது உடையும். நான் கணக்கில் தோற்ற வருடம் என் முதுகில் விழுந்த தழும்பு, ரவிக்கைக்கு மேலே இன்றைக்கும் ஒரு விரற்கடை தெரியும். என் புருஷன் கல்யாணமான புதிதில் அது என்ன என்று கேட்டார். மாடு முட்டியது என்றேன். எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் கைவசம் இருந்த பதில் அது.

நான் பத்தாம் வகுப்பு படித்த வருடம் தைமாதம் வீட்டில் ஒரு புதுக்காளை நின்றது. மயிலை நிறம். சந்தையிலிருந்து பிடித்து வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, கயிற்றுக்குப் பழகவில்லை. மாட்டுப் பொங்கல் காலையில் மூக்கணாங்கயிற்றை என் கையில் கொடுத்து, "இழுத்துப் பிடி, விடாத" என்றார் அப்பா. அதுவரை கயிறு பிடிக்கிற வேலை அம்மாவுடையது. அந்த வருடம் அம்மா முடியாது என்று சொல்லிவிட்டாள். முடியாது என்றதற்கு அவள் என்ன வாங்கினாள் என்பதை இங்கே எழுதப் போவதில்லை.

ஐந்தாவது அடியில் காளை பின்னங்காலை வீசியது. அப்பா மல்லாக்க விழுந்தார். எழுந்தபோது வாயெல்லாம் ரத்தம், முன்பல் ஒன்று மண்ணில் கிடந்தது. அவர் கம்பைத் தேடவில்லை. நெல் குத்துகிற உலக்கை சுவரோரம் சாத்தியிருந்தது. இரும்புப் பூண் போட்ட உலக்கை. அதை எடுத்தார். அதற்கு மேல் அவர் எண்ணவில்லை. நான் எண்ணினேன், பதினான்கு வரை. முதுகில், விலாவில், பிறகு தலையில். காளை முன்னங்கால் மடங்கி விழுந்தது. மூக்கிலிருந்து ரத்தம் கயிற்றின் வழியாக என் முழங்கை வரை வந்தது, சூடாக இருந்தது. கடைசி அடிகளுக்கு அது தலையை ஆட்டக்கூட இல்லை. கண்ணை மட்டும் இறுக்கி மூடிக்கொண்டது. "விடாத, விடாத" என்று அப்பா கத்திக்கொண்டே இருந்தார். நான் விடவில்லை. விட்டிருந்தால் அது எழுந்து ஓடியிருக்கும், ஓட அதற்கு நேரம் இருந்தது. நாற்பது வருடமாக இதை யாரிடமும் நான் சொன்னதில்லை.

அடுத்த தெருவில் பொங்கலோ பொங்கல் என்று தட்டைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் எங்கள் காளை செத்துப்போனது. கொல்லையில் தென்னை மரத்தடியில் குழி வெட்டி அப்பாவே புதைத்தார். பாம்பு கடித்துவிட்டது என்று ஊருக்குச் சொன்னார்.

அந்த வருடம் கோமாரி நோய் பரவியிருந்ததால், செத்த மாட்டையெல்லாம் எழுதிக்கொண்டு போக மாட்டாஸ்பத்திரி ஆள் தெருத் தெருவாக வந்தார். ஒரு அச்சடித்த தாள் கொடுத்தார். அப்பாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். எனக்கு முத்து முத்தாக எழுத்து, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய கை. இறப்புக்கான காரணம் என்ற கட்டத்துக்கு எதிரே என்ன எழுதட்டும் என்று அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். பாம்பு கடி என்று எழுதினேன். அந்த ஆள் தாளை வாங்கிப் பார்த்து, "பாப்பா எழுத்து அச்சு மாதிரி இருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அப்பா மாடு வாங்கவில்லை. உழவுக்கு டிராக்டர் வைத்துக்கொண்டார். வீட்டில் மாடு இல்லாமல் போனதே தவிர, அடி இருந்தது.

அந்தக் கையெழுத்துதான் எனக்குச் சோறு போட்டது. தஞ்சாவூரில் பத்திரப் பதிவு அலுவலகத்தில் நகல் எழுதுகிறவளாகச் சேர்ந்து, உதவியாளராக ஓய்வுபெறப் போகிறேன். வெள்ளைக்காரன் காலத்துக் கிரயப் பத்திரத்தைக்கூட நான் தடவாமல் படிப்பேன். வில்லங்கம் பார்க்க வருகிறவர்கள் என் மேஜைக்குத்தான் வருவார்கள். பத்திரத்தில் ஒரு சொல்லைக் கோடு போட்டு நீக்கினால் அதற்கு அடித்தல் என்று பெயர். மாற்றி எழுதினால் திருத்தல். எத்தனை இடத்தில் அடித்தல், எத்தனை இடத்தில் திருத்தல் என்று கீழே எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பத்திரத்தை நம்பக் கூடாது. அடித்தல் திருத்தல் இல்லை என்ற வரியை என் வாழ்நாளில் எத்தனை ஆயிரம் தடவை எழுதியிருப்பேன் என்று தெரியாது. அந்த வார்த்தை என் வீட்டு வார்த்தையும்தான் என்று அப்போதெல்லாம் உறைத்ததில்லை.

போன வருடம் அப்பா வரப்பில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. எண்பதைத் தாண்டியவர். அறுவை செய்து ஆணி வைத்தும் பழையபடி நடக்கவில்லை. அம்மா போய் ஆறு வருடமாகிறது. நான் சனி ஞாயிறு திருக்காட்டுப்பள்ளிக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்கிறேன். மற்ற நாளில் பக்கத்து வீட்டு அக்கா சோறு கொடுக்கிறாள். ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னால் முடவனுக்குக் கோபம் என்பார்கள். எங்கள் வீட்டில் எருதும் முடவனும் ஒரே ஆள். கஞ்சி சூடு என்றால் ஒரு வசவு, ஆறிவிட்டது என்றால் ஒரு வசவு. கைத்தடியால் தட்டி எறிந்த தம்ளர்களை நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

ஐப்பசி மழைக்கு எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் தண்ணீர் நிற்கும். தோட்டத்துக்கு நடுவே ஒரு மதில் உண்டு. மதிலுக்கு வடக்கே மேடு, அது நிலம் வைத்திருந்தவர்களுக்கு. தெற்கே பள்ளம், அது எங்களுக்கு. செத்தும் சேராமல் கிடக்கிறோம். மழைக்காலத்தில் யாராவது செத்தால் தெற்கே குழிக்குள் வாளி போட்டுத் தண்ணீர் இறைத்துக்கொண்டே பெட்டியை இறக்க வேண்டும். போன மழையில் ஒரு பெட்டி மிதந்து மேலே வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் தெற்குப் பகுதியை மண்ணடித்து மேடாக்குவது என்று கோயில் கமிட்டி முடிவெடுத்தது. தங்கள் வீட்டுக் குழி எது என்று அடையாளம் காட்டுகிறவர்களுக்கு அங்கே முளை அடித்து விடுவார்கள், அந்த இடம் அந்தக் குடும்பத்துக்கு. காட்ட முடியாதது சமமாகிவிடும்.

இதைக் கேட்டதிலிருந்து அப்பா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க தாத்தா குழிய கண்டுபிடி. என்னைய அவரு மேலதான் வைக்கணும்."

"எங்கன்னு யாருக்குப்பா தெரியும்? கல்லா நட்டு வச்சிருக்கீங்க?"

"கோயில்ல புத்தகம் இருக்கும். ஊரான் பத்திரத்தையெல்லாம் தோண்டித் தோண்டிப் படிக்கிறல்ல? இதப் படி. அவரு மூஞ்சிய நான் பாத்ததில்ல. ஆனா அவருக்காக நான் செஞ்சிருக்கேன். எங்கப்பா செஞ்சத விடாம செஞ்சிருக்கேன். அது அவருக்குத் தெரியும்."

அவர் என்னிடம் அதுவரை எதையும் கேட்டதில்லை, கட்டளைதான் போட்டிருக்கிறார். இதுவும் கட்டளை மாதிரிதான் இருந்தது. ஆனால் சொல்லி முடித்ததும் குரல் உடைந்தது. எனக்கு அவர் மேல் கோபம்தான் அதிகம், இல்லை என்று சொல்லவில்லை. இருந்தாலும் ஒரு மனுஷன் சாகும்போது யார் பக்கத்தில் படுக்க வேண்டும் என்று கேட்பதை எப்படி மறுப்பது? ஒரு வாரம் லீவு போட்டேன்.

நான் போன அன்றைக்கே கல்லறைத் தோட்டத்துக்குள் ஜேசிபி வந்துவிட்டது. மண்ணடிப்பதற்கு முன்னால் புதரைச் சுரண்டுகிறோம் என்று சொல்லி, ஒரு முழ ஆழத்துக்கு மண்ணையும் சேர்த்து வாரிக் குவித்துக்கொண்டிருந்தார்கள். குவியலில் எலும்புகள் துருத்திக்கொண்டு நின்றன. ஒரு தாடை, பல்லோடு. துருப்பிடித்த பாடுபட்ட சுரூபம் ஒன்று, சிலுவையில் தொங்கும் யேசுவின் கை ஒடிந்து. தொடையெலும்பு ஒன்றின் மேல் டயர் ஏறி அது சுள்ளி ஒடிவதுபோல ஒடிந்ததை என் காதால் கேட்டேன்.

நிறுத்துங்க என்று கத்திக்கொண்டு போய் முன்னால் நின்றேன். வேலையை மேற்பார்க்கிற ஆள் வந்தார். முப்பது வயதிருக்கும், கையில் போன்.

"எலும்பு வருது, கண்ணு தெரியலியா உங்களுக்கு?"

"ஏம்மா, இதுல எது மாட்டு எலும்பு, எது மனுச எலும்புன்னு எனக்கு எப்படித் தெரியும்?" அவர் மதிலுக்குத் தெற்கே கையை நீட்டினார். "இந்தப் பக்கம் எல்லாம் ஒண்ணாத்தான் கெடக்கு."

செருப்பைக் கழற்றியது எனக்கு நினைவில்லை. முதல் அடி அவர் காதோடு சேர்ந்து விழுந்தது, போன் எகிறிப் போய்க் குவியலில் விழுந்தது. இரண்டாவது அடிக்கு அவர் என்னைத் தள்ளினார். நான் உடைந்த சிலுவை ஒன்றின் மேல் விழுந்து உதடு கிழிந்தது. எழுந்து மறுபடி அடித்தேன். செருப்பு அறுந்ததும் கையில் அகப்பட்ட செங்கல்லை எடுத்தேன். அவர் நெற்றியில் ரத்தம் வந்த பிறகும் கை நிற்கவில்லை. நாலு பேர் சேர்ந்து என்னைத் தூக்கிக்கொண்டு போய் மதிலோரம் உட்கார வைத்தார்கள். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்று யாரோ சிரித்தார்கள். எனக்குப் பயம் இல்லை. நன்றாக இருந்தது, இன்னும் நாலு போட்டிருக்கலாம் என்றிருந்தது. ஐம்பத்தைந்து வயதில், பேரன் எடுத்த பிறகு, அப்பாவின் கை என் தோளில் முளைத்திருப்பதை அன்றைக்குப் பார்த்தேன்.

ஃபாதர் ஓடி வந்தார். சின்ன வயதுக்காரர், ஊருக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. அந்த ஆளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு என்னைக் கோயில் ஆபீசுக்குக் கூட்டிப் போனார். போலீஸ் என்று ஒரு பேச்சு வந்தது. எலும்பு மேல் வண்டி ஏறியதைச் சொல்ல எனக்கும் வாய் இருக்கிறது என்றேன். பேச்சு அதோடு அடங்கியது.

"நாளைக்குக் காலை வரைக்கும் வண்டிய நிறுத்தச் சொல்றேன். அதுக்குள்ள புத்தகத்துல உங்க ஆள் எங்கன்னு காட்டிடுங்கம்மா. அதுக்கு மேல என்னாலயும் முடியாது" என்று சொல்லி, பீரோவைத் திறந்து பழைய அடக்கப் புத்தகங்களை மேஜையில் அடுக்கினார்.

உதட்டில் ஈரத்துணியை அழுத்திக்கொண்டு படித்தேன். முதல் புத்தகம் முழுக்க லத்தீன், வெள்ளைக்காரச் சாமியார்கள் எழுதியது. அது எனக்கு உதவாது. இரண்டாவதிலிருந்து தமிழ். கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கிற ஊர் உபதேசியார் எழுதியிருந்தார். சாய்ந்த எழுத்து, ஒரே சீராக. நாள், பெயர், தகப்பன் பெயர், வயது, மரண காரணம், எந்த இடத்தில் அடக்கம் என்று கட்டங்கள். ஓரத்தைக் கரையான் தின்றிருந்தது. பேதி, காய்ச்சல், பிரசவம், பேதி, அம்மை, பேதி. ஒரு வைகாசியில் மட்டும் நாலு பக்கம் பேதி. குழந்தைகளுக்குப் பெயர்கூட இல்லை, சிசு என்று மட்டும்.

அப்பாவின் தாத்தா பெயரில் மூன்று பேர் இருந்தார்கள். தகப்பன் பெயரையும் மனைவி பெயரையும் வைத்து அவரைப் பிடித்தேன். வயது முப்பது. முப்பது வயதுப் பையன் அவர். அப்பா இத்தனை வருடம் தாத்தா தாத்தா என்று சொன்னதில் ஒரு கிழவரையே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். தெற்கு, மூன்றாம் வரிசை, வேம்புக்குக் கிழக்கே நாலாவது. குழி அகப்பட்டுவிட்டது. அப்பாவிடம் இதைச் சொல்லலாம், வேலை முடிந்தது என்று நிமிர்ந்தேன். அப்புறம்தான் மரண காரணம் என்ற கட்டம் கண்ணில் பட்டது.

அதில் ஒரு அடித்தல் இருந்தது. எழுதிய இரண்டு சொல்லின் மேல் பேனாவால் குறுக்கே இரண்டு தடவை கோடு இழுத்திருந்தார்கள். முனை அழுத்தி, காகிதம் கீறியிருந்தது. மேலே சின்னதாக, மாடு முட்டி என்று திருத்தல். அந்தப் புத்தகத்தில் அதுவரை ஓர் அடித்தலும் நான் பார்த்ததில்லை. என் வேலைப் பழக்கம், மேலே எழுதியதை நம்பாமல் கீழே அடித்ததைப் படிப்பேன். தாளை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கினேன்.

கட்டிவைத்து அடி.

நான் அதை மூன்று தடவை படித்தேன். பிறகு பக்கத்தைப் புரட்டினேன். அடுத்த பத்து வருடத்துக்குள் தெற்குப் பக்கத்தில் இன்னும் ஐந்து பேர் மாடு முட்டிச் செத்திருந்தார்கள். ஐந்து பேரும் அதே பண்ணையின் ஆட்கள். ஒருத்தி பொம்பளை. ஒன்று பன்னிரண்டு வயதுப் பெண் பிள்ளை. அந்த ஐந்திலும் அடித்தல் இல்லை, உபதேசியார் பழகிக்கொண்டுவிட்டார். வடக்குப் பக்கத்துப் பக்கங்களையும் பார்த்தேன். அவர்கள் வீட்டிலும் மாடு உண்டு, ஏரும் உண்டு. அங்கே ஒருவரையும் மாடு முட்டவில்லை.

பண்ணையாளைத் தூணில் கட்டிச் சவுக்கால் அடிப்பதும் சாணியைக் கரைத்து வாயில் ஊற்றுவதும் இந்தப் பக்கத்தில் யாருக்கும் தெரியாத சங்கதி இல்லை. அப்பாவே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார், யாருக்கோ எங்கேயோ நடந்தது என்கிற மாதிரி. ஏழு வயதுப் பிள்ளையிடம் மாடு முட்டியது என்றுதான் சொல்லியிருப்பார்கள். அவனும் உயிரோடு அந்தப் பண்ணையிலேயே வளர வேண்டுமே. அவன் அதை நம்பினான். நம்பி, சவுக்கு விழுந்த ஒன்பது இடத்தையும் மாட்டுக்குத் திருப்பிக் கொடுத்தான்.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. பண்ணை மேல், உபதேசியார் மேல், அப்பா மேல், கயிற்றை விடாத என் மேல். அலுவலகத்தில் கைபழகிய பேனா பையில் இருந்தது. மேற்படி மரண காரணம் தவறு, முதலில் எழுதி அடிக்கப்பட்டதே சரி என்று ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டேன். மற்றவர் ஆவணத்தில் எழுதுவது குற்றம் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்தத் தாலுக்காவில் யாரும் இல்லை. ஃபாதர் வந்து பார்த்தார். "என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க" என்றார். பிறகு அடித்ததையும் வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டு, புத்தகத்தை மூடி உள்ளே வைத்தார்.

மறுநாள் காலையில் வேப்பமரத்து அடிக்கட்டையிலிருந்து கிழக்கே நாலாவது இடத்தை அளந்து காட்டினேன். நெற்றியில் பிளாஸ்திரி ஒட்டிய அந்த மேற்பார்வை ஆளே முளை கொண்டு வந்து அடித்தார். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. முளை ஆடாமல் நிற்கிறதா என்று மட்டும் இரண்டு பேரும் ஆட்டிப் பார்த்தோம்.

வீட்டுக்குப் போனபோது அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். குழி கிடைத்தது என்றதும் கையெடுத்துக் கும்பிட்டார். அவர் முகத்தில் நான் பார்த்த முதல் சந்தோஷம் மாதிரி இருந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். நல்ல மகளாக இருந்தால் நிறுத்தியிருப்பேன்.

"அப்பா, அவர மாடு முட்டல. பண்ணையில கட்டி வச்சு அடிச்சுக் கொன்னுருக்காங்க. முதல்ல அப்படித்தான் எழுதியிருக்கு. அப்புறம் அதை அடிச்சுட்டு மாடுன்னு எழுதியிருக்காங்க."

"பொய்."

"என் கண்ணால படிச்சேன். அவரு மட்டும் இல்ல, ஆறு பேரு."

"பொய் சொல்ற நீ." கைத்தடி என் தோளில் விழுந்தது. தழும்பு இருக்கிற அதே பக்கம். "மாடு இல்லன்னா நான் யாருக்குடி அடிச்சேன்? எங்கப்பா யாருக்கு அடிச்சாரு?" மறுபடி விழுந்தது. மூன்றாவது தடவை தடியைப் பிடித்து இழுத்தேன். அவர் கையில் பலம் இல்லை, சுலபமாக வந்துவிட்டது. நான் அதை ஓங்கினேன். பொய் சொல்ல மாட்டேன், தலைக்கு நேராகத்தான் ஓங்கினேன். அம்மா வாங்கியது, நான் வாங்கியது, எல்லாம் அந்தக் கையில் இருந்தது.

அப்பா தடுக்கவில்லை, கத்தவில்லை. கண்ணை மட்டும் இறுக்கி மூடிக்கொண்டார்.

அப்படி மூடிய கண்ணை நான் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். என் முழங்கையில் சூடு ஏறியது. தடியைக் கீழே இறக்கிக் கட்டிலின் மறுகோடியில் உட்கார்ந்துகொண்டேன். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று பார்த்துவிட்டு, சோற்றுத் தூக்கை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அப்பா கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"பாம்பு கடின்னுதான எழுதுன?"

"ஆமாம்ப்பா."

"நான் சொல்லவே இல்ல. நீயா எழுதுன."

"ஆமாம். அடித்தல் திருத்தல் இல்லாம எழுதுனேன்."

அவர் தலையை ஆட்டினார். கொல்லைப் பக்கக் கதவு திறந்திருந்தது. தென்னை மரத்தடி அங்கிருந்து தெரியும். அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை, நானும் திரும்பவில்லை.

"குழி வேணாமாப்பா? வேணாம்னா முளையப் பிடுங்கிடச் சொல்றேன்."

"வேணும். அங்கயேதான் வைக்கணும்" என்றார். "முன்ன கேட்டது வேற. இப்ப அவருகிட்டச் சொல்ல வேண்டியது இருக்கு. அந்தக் காளையப் பத்தி." பிறகு, "என்னைக் கொண்டு போற அன்னைக்கு அந்தப் புத்தகத்துல என்ன காரணம்னு கேப்பாங்கல்ல, நீதான எழுதுவ?" என்றார்.

"நான்தான் எழுதுவேன்."

"உள்ளதை எழுது. எழுதிட்டு அடிக்காத."

சரி என்றேன். தடியை அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் சாத்தி வைத்தேன். அது இல்லாமல் அவரால் எழுந்திருக்க முடியாது.